சிட்டியும் தி.ஜா.வும் போன காவேரி வழியில் தனியாகப் போகிறேன்: யோசனை சொல்லுங்கள்

ஆற்றோரம் | ஜூலை 2

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனசில் கிடக்கும் ஒன்றை இந்த ஆடிக்குள் செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

எழுத்தாளர்கள் சிட்டியும் தி. ஜானகிராமனும் (தி.ஜா.) காவேரியை ஒட்டிப் போய் எழுதிய "நடந்தாய் வாழி காவேரி" 1971ல் வந்தது. கல்லூரி நூலகத்தில் அட்டை கிழிந்த பிரதி ஒன்றில்தான் முதலில் படித்தேன். கடைசிப் பக்கம் முடிந்ததும் முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். அன்றைக்கு வந்த ஆசை இது. இப்போது வயது 46. சிறுகதை எழுதுகிறேன். அலுவலகத்தில் 23 நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது. தலைக்காவேரியில் தொடங்கிப் பூம்புகாரில் முடிக்க வேண்டும். ஆடிப்பெருக்கு அன்று டெல்டாவில் ஏதாவது ஒரு படித்துறையில் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் போகிற போக்கில்.

அவர்கள் நண்பர்களோடு காரில் போனார்கள். நான் பஸ்ஸில் தனியாகப் போகிறேன். இந்த ஒரு வித்தியாசத்திலேயே நான் எழுத வேண்டியது இருக்கிறது என்று தோன்றுகிறது. அது என்னவென்று போனால்தான் தெரியும்.

குடகில் ஜூலை மழை எப்படி இருக்கும்? தனியாகப் போகும் பெண் எங்கெங்கே தங்கலாம்? ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் துறையைப் பற்றிச் சொல்லுங்கள்.


பழம்புத்தகம் | ஜூலை 2

கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது அம்மா. தாராளமாகப் போய் வாருங்கள்.

புத்தகத்தைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வரைபடமாக வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் போன காவேரி வேறு. 1924ல் மைசூரும் சென்னை மாகாணமும் போட்ட ஒப்பந்தம் அப்போது நடப்பில் இருந்தது. அதன் 50 வருஷக் கெடு முடிந்தது 1974ல், புத்தகம் வந்து மூன்று வருஷம் கழித்து. நடுவர் மன்றம் வந்தது 1990ல், இறுதித் தீர்ப்பு 2007ல். உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டுக்கு வருஷத்துக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று சொன்னது 2018 பிப்ரவரியில். இன்றைக்கு ஆற்றங்கரை டீக்கடையில் பெஞ்சில் உட்கார்ந்தாலே யாராவது டிஎம்சி கணக்கு சொல்வார்கள். அதையும் கேட்டு எழுதுங்கள். அந்தப் புத்தகத்தில் இருக்க வழியில்லாத பக்கம் அது.


காப்பித்தோட்டம் | ஜூலை 3

அக்கா, நான் மடிக்கேரிப் பக்கம் எஸ்டேட்டில் வேலை பார்க்கிறேன். ஜூலையில் இங்கே மழை நிற்காது. துணி காயாது. ஷூவுக்குள் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் ஒன்று கையோடு இருக்கட்டும். மடிக்கேரியிலிருந்து பாகமண்டலாவுக்கு பஸ் உண்டு. அங்கிருந்து தலைக்காவேரி 8 கிலோமீட்டர் மேலே. மழை வலுத்தால் பாதையை அடைத்துவிடுவார்கள். 2020 ஆகஸ்டில் பிரம்மகிரிச் சரிவு இடிந்து அர்ச்சகர் வீட்டையே மண் மூடியது, அதிலிருந்து ரொம்ப உஷாராக இருக்கிறார்கள். அதனால் ஒரு நாள் கையிருப்பு வைத்துக்கொண்டு வாருங்கள். அக்டோபரில் துலா சங்கிரமணத்தன்று குண்டிகையில், அதாவது காவேரி ஊற்றின் சின்னத் தொட்டியில், தீர்த்தம் பொங்குவதைப் பார்க்கத்தான் கூட்டம் வரும். ஜூலையில் நீங்களும் மழையும்தான்.


கரிசல் மகள் | ஜூலை 3

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மனசில் பட்டதைச் சொல்கிறேன்.

இரண்டு ஆண்கள் போன தடத்தில் ஒரு பெண் எதற்குப் போக வேண்டும்? தமிழில் பெண் எழுத்தாளர் ஊர் ஊராகப் போய் எழுதியதே இல்லையா? ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்குப் போய் "கரிப்பு மணிகள்" எழுதினார். படகர்களோடு பழகி "குறிஞ்சித்தேன்". நீங்கள் போகிற அதே டெல்டாவின் விவசாயக் கூலிகளைப் பற்றி "சேற்றில் மனிதர்கள்". அப்புறம் மணலூர் மணியம்மையைப் பற்றிய "பாதையில் பதிந்த அடிகள்". பிராமண விதவையாக மூலையில் உட்கார்த்தப்பட்டவர், கிராப்பு வெட்டி வேட்டி கட்டிக்கொண்டு பண்ணையாட்களுக்காகத் தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அலைந்தார். பின்தொடர வேண்டும் என்றால் அந்தத் தடம் இருக்கிறதே?


ஆற்றோரம் | ஜூலை 3

@கரிசல் மகள், நியாயமான கேள்வி. இரவு முழுக்க யோசித்தேன்.

ராஜம் கிருஷ்ணன் எனக்கு அம்மா மாதிரி. ஆனால் அவர் ஒரு ஊருக்குப் போவார், தங்குவார், அந்த மக்களைக் கதையாக்குவார். வழியை எழுதவில்லை. எனக்கு வழிதான் வேண்டியிருக்கிறது. பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பது, யார் வீட்டுத் திண்ணையிலோ உட்காருவது, இருட்டுவதற்குள் அறை தேடுவது. "நடந்தாய் வாழி காவேரி"யைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் காரில் எனக்கும் ஓர் இடம் இருப்பதாக நினைத்துக்கொள்வேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்த இடம் எங்கே என்று பார்க்கப் போகிறேன். மணியம்மை அம்மாள் விஷயத்தை மனசில் வைத்துக்கொள்கிறேன்.


குடமுருட்டி | ஜூலை 4

நான் திருவையாறு பக்கம் விவசாயம். அக்கா வந்தால் கல்லணையிலிருந்து எங்கள் கடைமடை, வாய்க்கால் முடிகிற கடைசி வயல், வரைக்கும் வாய்க்கால் வாய்க்காலாகக் காட்டுகிறேன். எழுத்தாளர்கள் கோயிலையும் மண்டபத்தையும் எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஜூன் 12ல் மேட்டூரைத் திறந்தால்தான் எங்களுக்குக் குறுவை நெல். திறந்த தண்ணி கல்லணைக்கு வரவே மூணு நாலு நாள் ஆகும். அது வாய்க்கால் தலைப்புக்கு வந்து, எங்கள் வயலுக்கு இறங்குகிற வரைக்கும் தூக்கம் இருக்காது. மதகடியில் ராத்திரி டார்ச் லைட்டோடு நிற்போம். அதை எழுதுங்கள்.


வெண்ணாற்றுக்காரி | ஜூலை 4

அம்மாடி, முதலில் அவசியமான விஷயத்தைச் சொல்கிறேன். இங்கே ஆண்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். காலையில் பஸ் ஏறும் முன் தண்ணீரைக் குறைத்துக் குடிக்காதே, அப்படிச் செய்துதான் எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்தது. பெரிய பெட்ரோல் பங்க், கல்யாண மண்டபம், கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாவின் வீடு, இந்த மூன்றில் ஒன்று எந்த ஊரிலும் இருக்கும். பூக்காரியிடம் ஒரு முழம் வாங்கிவிட்டுக் கேட்டால் தன் வீட்டுக்கே கூட்டிப்போவாள். எத்தனையோ தடவை நான் அப்படிப் போயிருக்கிறேன்.

ஆடிப்பெருக்குக்கு எங்கள் ஊர்த் துறைக்கு வந்துவிடு. தனி மடலில் விலாசம் அனுப்புகிறேன்.


ஆற்றோரம் | ஜூலை 17, பாகமண்டலாவிலிருந்து

வந்து சேர்ந்துவிட்டேன். மூன்று நாளாக மழை. நேற்றுத்தான் மேலே போக விட்டார்கள்.

தலைக்காவேரியில் நான் பார்த்தது ஒரு சின்னச் சதுரக் குண்டிகை, அதை ஒட்டி ஒரு குளம். மூடுபனியில் குளத்தின் எதிர்ப்படியே தெரியவில்லை. மழைத்துளி விழுந்து விழுந்து தண்ணீர் முழுக்கப் புள்ளி. எது ஊற்று, எது மழை என்று பிரித்துச் சொல்ல முடியாது. பூம்புகார் வரைக்கும் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் போகிற ஆறு இது என்று நினைத்தபோது உள்ளங்கால் சிலிர்த்தது. செருப்பைக் கழற்றியிருந்தேன், படியில் ஓடுகிற தண்ணீர் அவ்வளவு குளிர்ச்சி.

நான் சொல்ல வந்தது கீழே நடந்தது. பாகமண்டலாவில் மழைக்கு ஒதுங்கிய இடத்தில் ஒரு கொடவப் பாட்டி, பேத்தியோடு. பேத்தி பெங்களூரில் படித்தவள், தமிழ் கொஞ்சம் பேசினாள். பாட்டி சேலைக் கொசுவத்தை முன்னால் வைக்காமல் பின்னால் செருகியிருந்தார். கொடவப் பெண்கள் அப்படித்தான் கட்டுவார்கள். ஏன் என்று கேட்டேன். பாட்டி ஆற்றைக் கை காட்டினார். காவேரி புறப்பட்டு ஓடியபோது எதிரே நின்ற பெண்களின் கொசுவத்தை வெள்ளம் பின்னால் தள்ளிவிட்டதாம். அன்றையிலிருந்து அப்படியே.

ஏன் ஓடினாள் என்று கேட்டேன். நமக்குத் தெரிந்த கதையில் அகத்தியர் கமண்டலத்தைப் பிள்ளையார் காகமாக வந்து கவிழ்த்துவிடுவார், இல்லையா? இங்கே சொல்கிற கதையில் காகத்துக்கு வேலை இல்லை. காவேரி அகத்தியரின் மனைவி. ஒருநாளும் என்னைத் தனியே விட்டுப் போகக்கூடாது என்று சொல்லித்தான் கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அவர் கமண்டலத்தில் அவளை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். வாக்குத் தப்பியதும் அவளே எழுந்து கிளம்பிவிட்டாள். சீடர்கள் தடுத்தார்கள், நிற்கவில்லை.

பேத்தி இதை மொழிபெயர்த்தபோது பாட்டி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிந்ததும் கொடவத் தக்கில், அவர்கள் மொழியில், ஏதோ கேட்டார். பேத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நீங்க எதுக்குக் கிளம்பினீங்கன்னு கேக்கறாங்க."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. பாட்டி தன் குடைக்குள் என்னைச் சேர்த்துக்கொண்டு பஸ் வரைக்கும் நடந்தார்.


பழம்புத்தகம் | ஜூலை 17

அம்மா, இதைப் படித்துவிட்டு எழுந்துபோய் சிலப்பதிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

"நடந்தாய் வாழி காவேரி" என்ற தலைப்பு கானல் வரியிலிருந்து வந்தது என்று எல்லாருக்கும் தெரியும். அதை யார் பாடுகிறார்கள் என்று இத்தனை நாளாக நான் நின்று யோசித்ததில்லை. முதலில் யாழை வாங்கிப் பாடுகிறவன் கோவலன். அவன் பாட்டில் சோழன் கங்கையைப் புணர்ந்தாலும் காவேரி கோபித்துக்கொள்ள மாட்டாள்: "புலவாய் வாழி காவேரி". அதற்குப் பிறகு யாழ் மாதவி கைக்கு வருகிறது. அவள் பாடுவதுதான் "கருங்கயற்கண் விழித்து ஒல்கி நடந்தாய் வாழி காவேரி". அவன் பாட்டில் காவேரி பொறுத்துக்கொள்கிறாள். இவள் பாட்டில் காவேரி நடக்கிறாள்.

என் இரு ஆசான்களும் தங்கள் புத்தகத்துக்கு வைத்த பெயர் ஒரு பெண்ணின் வாயிலிருந்து வந்த வரி. நாற்பது வருஷமாக அந்தப் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. உங்கள் குடகுப் பாட்டி இன்றைக்குத்தான் எனக்கு அதைக் காட்டிக் கொடுத்தார்.


கரிசல் மகள் | ஜூலை 18

ஐயா, இதைச் சொன்னதற்கு நன்றி. ஆண்கள் போன தடம் என்று நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.


ஆற்றோரம் | ஜூலை 21, மைசூர்

சுருக்கமாக எழுதுகிறேன், கை வலிக்கிறது.

குசால்நகர், கண்ணம்பாடி அணை, ஸ்ரீரங்கப்பட்டணம் முடிந்தது. கர்நாடக பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம், ஆனால் அந்த மாநில முகவரி உள்ள ஆதார் வேண்டும். என் கார்டைப் பார்த்த கண்டக்டர் அம்மா "தமிழ்நாடா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார். பஸ் முழுக்க ஒரு நிமிஷம் திரும்பிப் பார்த்தது. எனக்குப் பயமாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். 1991 டிசம்பரில் காவேரிக் கலவரத்தின்போது பெங்களூரிலிருந்து இரவோடு இரவாக வந்த உறவினர்கள் எங்கள் வீட்டு ஹாலில் படுத்திருந்தது ஞாபகம் இருக்கிறது.

பக்கத்து சீட் அம்மா மண்டியாவில் கரும்பு போட்டிருக்கிறார். கைச் சைகையும் அரைத் தமிழும் அரைக் கன்னடமுமாக ஒன்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார்: போன தடவை வாய்க்காலில் தண்ணி வரலை, கரும்பு நின்ன இடத்துலயே காஞ்சுது. குடமுருட்டித் தம்பியின் குரலேதான், மொழிதான் வேறு. இறங்கும்போது என் மடியில் ஒரு துண்டுக் கரும்பை வைத்துவிட்டுப் போனார்.

மேகதாதுவுக்கு வெள்ளம் என்று விடவில்லை. சிவசமுத்திரத்தில் அருவியின் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை, எழுதவும் ஒன்றும் இல்லை. அப்படியே நின்றேன். நாளைக்கு நஞ்சன்கூடு போய்விட்டு திருமகூடலு நரசிபுரா. கபினி காவேரியில் சேருகிற இடம்.


காப்பித்தோட்டம் | ஜூலை 21

அக்கா, அப்படித் திரும்பிப் பார்த்தால் பயப்படாதீர்கள். நான் இங்கே 19 வருஷம். பார்ப்பார்கள், அடுத்த நிமிஷம் "ஊட்டா ஆய்த்தா", சாப்பாடு ஆச்சா, என்று கேட்பார்கள்.


ஆற்றோரம் | ஜூலை 25, மேட்டூர்

பண்ணவாடிப் பரிசல் துறையிலிருந்து அக்கரைக்குப் போய் வந்தேன். 1934ல் மேட்டூர் அணை முடிந்தபோது மூழ்கிய ஊர்களின் மேல்தான் இந்தத் தண்ணீர் நிற்கிறது. நீர்மட்டம் இறங்கினால் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் பழைய மாதா கோயில் கோபுரமும் வெளியே தெரியும், பத்திரிகைக்காரர்கள் படம் எடுப்பார்கள். இப்போது அணை நிறைந்து வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. நடு ஏரியில் பரிசல்காரர் துடுப்பை நிறுத்தினார். "இப்ப நம்ம காலுக்குக் கீழதாம்மா நந்தி" என்றார். பரிசல் மெதுவாகத் தன்னைத் தானே சுற்றியது. நான் கீழே குனிந்து பார்த்தேன். பச்சைத் தண்ணீரும் என் முகமும்தான்.

அவருடைய பாட்டிக்கு அந்தக் கோயில் தெரு தெரியுமாம். அணை கட்டின பிறகு பிறந்த பிள்ளைகளுக்கும் பழைய தெருவில் யார் வீட்டுக்கு அடுத்து யார் வீடு என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாராம். இவர் எனக்கு வரிசையாக ஒன்பது வீடு சொன்னார். நோட்டில் குறித்துக்கொண்டேன்.


ஆற்றோரம் | ஜூலை 28

எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. ஆற்றங்கரை ஊர், அவ்வளவுதான்.

இரவு எட்டேகால் ஆகிவிட்டது. முதல் லாட்ஜில் "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் இல்லை". இரண்டாவது இடத்தில் அறை இருக்கிறது, ஆனால் வீட்டிலிருந்து ஆண் யாராவது போனில் பேச வேண்டும். என் ஆதாரைக் காட்டினேன், அலுவலக அடையாள அட்டையைக் காட்டினேன். அந்தப் பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "எதுக்கு மேடம் தனியா சுத்தறீங்க?" என்றான். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்த ஒருவர் அதற்கு ஏதோ சொல்லிச் சிரித்தார். என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத மாட்டேன்.

குடகுப் பாட்டியும் இதே கேள்வியைத்தான் கேட்டார். கேட்ட விதம் எவ்வளவு வேறு!

கடைசியில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருக்கும் ஓர் அம்மா தன் வீட்டு மாடியில் படுக்க இடம் கொடுத்தார். இப்போது அங்கிருந்துதான் எழுதுகிறேன். கையில் அந்தப் புத்தகம் இருக்கிறது. இன்றைக்குத் திறக்க மனசு வரவில்லை.


பழம்புத்தகம் | ஜூலை 28

பத்திரமாக இருக்கிறீர்கள் அல்லவா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

நானும் 1990களில் அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாதி வழி போயிருக்கிறேன். எந்த ஊரிலும் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டால் சாவி கைக்கு வந்துவிடும். அதை ஒரு வசதி என்றுகூட நான் நினைத்ததில்லை. வெட்கமாக இருக்கிறது அம்மா.


வெண்ணாற்றுக்காரி | ஜூலை 28

அழாதே. கவுந்தியடிகளை நினைத்துக்கொள்.

நாங்கள் பள்ளிக்கூடத்தில் கவுந்தியைக் கண்ணகிக்கு வழித்துணை என்று படித்துவிட்டுத் தாண்டிப் போய்விட்டோம். வயசான சமணத் துறவி, தனிப் பெண். புகாரிலிருந்து காவேரி வடகரையோடு நடக்கிறாள். ஸ்ரீரங்கத்துக்குப் பக்கம் ஓடம் ஏறித் தென்கரைக்கு வருகிறாள். புறப்படும்போதே வழியின் கஷ்டத்தை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்: கரையோரம் போனால் நண்டும் நத்தையும் காலில் மிதிபடும், அந்தப் பாவத்தைத் தாங்க முடியாது. நடந்து பழகினவள் பேச்சு அது.

தென்கரைப் பூஞ்சோலையில் ஒரு வம்பப் பரத்தையும் ஒரு வறுமொழியாளனும் வந்து இவர்கள் யார் என்று கேட்கிறார்கள். என் மக்கள் என்கிறாள் கவுந்தி. உன் மக்கள் என்றால் அண்ணன் தங்கை கூடி வாழ்வதுண்டோ என்று நக்கல் அடிக்கிறார்கள். உன் லாட்ஜ் சோபாவில் உட்கார்ந்திருந்தவனின் முப்பாட்டன் அவன். "முள்ளுடைக் காட்டின் முதுநரி ஆகுக" என்று ஒரே வார்த்தை. நரியாகிவிட்டார்கள். கண்ணகியும் கோவலனும் பதறி இரந்து கேட்ட பிறகு பன்னிரண்டு மாசத்தில் பழைய உருவம் வரட்டும் என்று விட்டாள்.

ஆற்றங்கரையில் தனியாகப் போகிற பெண்ணிடம் வம்பு பேசுகிறவன் அன்றைக்கும் இருந்தான். இளங்கோ அதை விடாமல் எழுதி வைத்தார், நீயும் விடாமல் எழுது. அந்த இட்லிக் கடை அம்மாவுக்கு என் நமஸ்காரம்.


ஆற்றோரம் | ஜூலை 29

பத்திரமாக இருக்கிறேன். காலையில் அந்த அம்மா பணம் வாங்கவில்லை. முதல் ஈடு இட்லி, எள்ளுப்பொடி. அவர் கடைத் தட்டில் ஆவி பறக்க வைத்த ஆறு இட்லியையும் தின்றேன். பஸ்ஸில் ஏறியதும் புத்தகத்தைத் திறந்துவிட்டேன்.

தமிழ்நாட்டு டவுன் பஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2021லிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். ஆதார் கேட்பதில்லை, எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. களை எடுக்கப் போகிறவர்கள், பேத்தியைப் பார்க்கப் போகிறவர்கள், சும்மா அடுத்த ஊர்ச் சந்தைக்குப் போகிறவர்கள். ஒரு பாட்டி என்னிடம் சொன்னார்: "முந்தியெல்லாம் காசு கேக்கணும், காசு கேட்டா எதுக்குன்னு சொல்லணும்." என் பயணத்தின் முக்கால்வாசி இந்த பஸ்களில்தான். சிட்டிக்கும் தி.ஜா.வுக்கும் கார் இருந்தது, எனக்கு இது இருக்கிறது.

முக்கொம்பு பார்த்தேன். 2018 ஆகஸ்ட் 22 அன்று கொள்ளிடம் பக்கத்து 9 ஷட்டர் உடைந்து போன இடத்தருகே புதுக் கதவணை நிற்கிறது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்தில் படியில் உட்கார்ந்து எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கவுந்தி ஓடம் ஏறியது இந்தப் பக்கம்தான் எங்கேயோ. நான் மேற்கேயிருந்து வருகிறேன், அவள் கிழக்கேயிருந்து வந்தாள்.


குடமுருட்டி | ஜூலை 31

அக்கா இன்றைக்கு எங்களோடு இருந்தார்கள். வாய்க்கால் தலைப்பிலிருந்து கடைமடை வரை மூன்று மணி நேரம் வரப்பில் நடந்தோம். வழுக்கி ஒரு தடவை சேற்றில் விழுந்தும் நோட்டை மட்டும் தூக்கிப் பிடித்துவிட்டார்கள்.


ஆற்றோரம் | ஜூலை 31, திருவையாறு

தம்பி, உன் அம்மா வைத்த கெண்டை மீன் குழம்பையும் எழுதியிருக்கலாம்.

சாயங்காலம் தியாகராஜர் சமாதிக்குப் போனேன். எதிரே பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாவின் நினைவிடம், அவரைப் பார்த்து உட்கார்ந்தபடி சிலை. கோயிலுக்கு வருகிறவர்கள் பலர் அதைத் தாண்டிப் போகிறார்கள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு விஷயம் உறைத்தது. நாகரத்தினம்மா 1878ல் பிறந்தது நஞ்சன்கூட்டில், கபினிக் கரையில். ஒன்பது நாள் முன்னால் நான் அந்தக் கரையில் நின்றுவிட்டு வந்திருக்கிறேன். அந்தத் தண்ணீர் காவேரியில் சேர்ந்து எந்த வழியாக வருகிறதோ அந்த வழியின் இந்த முனைக்குத்தான் அவரும் கடைசியில் வந்து சேர்ந்தார். 1910ல் தெலுங்குப் பெண் கவிஞர் முத்துப்பழனியின் சிருங்காரக் காவியம் "ராதிகா சாந்த்வனமு"வை முழுசாகப் பதிப்பித்தவர். ஒரு பெண் இப்படி எழுதலாமா என்று அதைத் தடை செய்தார்கள். பாழடைந்து கிடந்த இந்த இடத்தை வாங்கித் தன் சொத்தைப் போட்டுக் கோயில் கட்டினார். கட்டிய பிறகு ஆராதனையில் பெண்கள் பாடக்கூடாது என்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகப் பாடினார், வருஷக்கணக்காக. பிறகுதான் எல்லாரும் ஒன்றாகப் பாடும்படி ஆனது.

குடகுப் பாட்டியின் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இந்த ஆற்றோடு எனக்கு முன்னால் கிளம்பியவர்கள் இருவர்தான் என்று நினைத்து வீட்டைவிட்டு வந்தேன். இப்போது எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது.


ஆற்றோரம் | ஆகஸ்ட் 3, வெண்ணாற்றுக்காரி அம்மா வீட்டிலிருந்து

ஆடிப்பெருக்கு.

காலை ஆறரைக்கே துறையில் இடமில்லை. மேல்படியில் ஆண்கள், பேப்பர் படித்துக்கொண்டும் சப்பரத் தட்டி என்கிற குட்டித் தேரை இழுக்கிற பையன்களை அதட்டிக்கொண்டும். அவர்களுக்குக் கீழே இருபது படி முழுக்கப் பெண்கள். தண்ணீர் கலங்கல், செம்மண் நிறம், பன்னிரண்டாம் படியைத் தொட்டு ஓடியது. ஆற்று மண்ணில் பிள்ளையார் பிடித்து மஞ்சள் தடவி, காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி கிளறி, வாழைமட்டையில் விளக்கு ஏற்றி விட்டார்கள். புதுப்பெண் ஒருத்தி கல்யாண மாலையைக் கொண்டுவந்து ஆற்றில் விட்டாள். மாலை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நேராகக் கிழக்கே போனது.

நான் முழங்கால் தண்ணீரில் நின்று எழுதிக்கொண்டிருந்தேன். "என்னடி எழுதறே, படிச்சுக் காட்டு" என்று ஒரு பாட்டி பிடித்துக்கொண்டார். படித்தேன். சுற்றி இருந்தவர்கள் திருத்தினார்கள். காப்பரிசியில் எள்ளு உண்டு, அதை விட்டுட்டே என்றார் ஒருவர். இன்னொரு அம்மா சொன்னார்:

"தண்ணி இருக்கற வருஷத்தை எழுதிட்டுப் போயிடுவே. இல்லாத வருஷம் நாங்க என்ன பண்ணினோம் தெரியுமா? ஆறு பூரா மணல். படையலைத் தூக்கிட்டு வந்து நின்னோம். அப்பறம் தெரு முக்கு அடிபைப்புக்குத்தான் மஞ்சள் பூசிப் பொட்டு வச்சோம். நான் அடிச்சேன், இவ விளக்கைப் புடிச்சா. ஒரு குடம் தண்ணி வந்துது. அதுக்குத்தான் தீபாராதனை."

"இவ" என்று காட்டப்பட்டவர் தலையை ஆட்டினார். "கையெல்லாம் வலிச்சுது. ஆனா விடலை."

இதைத்தான் கேட்க வந்தேன் என்று அந்த நிமிஷம் தெரிந்தது. மேல்படியில் நின்றிருந்தால் என் காதில் விழுந்திருக்காது. சிட்டியும் தி.ஜா.வும் என்ன எழுத்துக்காரர்கள்! ஆனாலும் இந்தப் படிக்கு அவர்கள் இறங்கியிருக்க முடியாது, இங்கே ஆண்கள் வருவதில்லை. காரில் எனக்கான இடம் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இருந்திருக்கிறது.

பாட்டி என் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டிவிட்டார். கல்யாணம் ஆகிவிட்டதா, இல்லையா என்று யாரும் கேட்கவில்லை.


கரிசல் மகள் | ஆகஸ்ட் 3

அடிபைப்பு. இதைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்த இரண்டு அம்மாக்களுக்கும் புத்தகம் வந்ததும் முதல் பிரதி போக வேண்டும்.


வெண்ணாற்றுக்காரி | ஆகஸ்ட் 3

போகும். நானே கொண்டுபோய்க் கொடுப்பேன்.


ஆற்றோரம் | ஆகஸ்ட் 5, பூம்புகார்

வந்துவிட்டேன். வெள்ளத்தையெல்லாம் கொள்ளிடம் வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. காவேரி இங்கே ஒரு சின்ன ஓடையாகத்தான் கடலுக்கு வருகிறாள். மணலை வளைத்துக்கொண்டு, அவசரமில்லாமல். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், காவேரி கடலில் சேருகிற இடம் இதுதானா என்று கேட்டேன். "இன்னிக்கு இதுதான். போன மாசம் அதோ அங்க இருந்துச்சு" என்று கை காட்டினார்.

மாதவியின் வரியை வாய்விட்டுச் சொன்னேன். அலைச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை.


புதிய உறுப்பினர் | ஆகஸ்ட் 9

வணக்கம் அக்கா. ஒரு மாசமாக இந்த இழையைப் படித்துக்கொண்டு வருகிறேன், இதுவரை எதுவும் எழுதியதில்லை. எனக்கு 24 வயது. ஐப்பசியில் ஐந்து நாள் லீவு கிடைக்கும். முழு வழியும் முடியாது. மாயவரம் துலாக்கட்டம் மட்டுமாவது போக ஆசை. வீட்டில் தனியாக விடுவார்களா தெரியவில்லை. எந்த நாளில் போகலாம்?


வெண்ணாற்றுக்காரி | ஆகஸ்ட் 9

ஐப்பசி கடைசி நாள் கடைமுழுக்கு, அன்றைக்குக் கூட்டம் தாங்காது. அதற்கு முந்தின வாரம் வா, துறை உனக்கே கிடைக்கும். கும்பகோணத்திலிருந்து மாயவரத்துக்கு ரயிலும் உண்டு, பஸ்ஸும் உண்டு. கடைமுழுக்குக்கு வர முடியாமல் தவறவிட்டாலும் பரவாயில்லை. கால் முடியாத ஒருத்தன் தவழ்ந்து தவழ்ந்து ஒரு நாள் தாமதமாக வந்து சேர்ந்தானாம். அவனுக்காகக் கார்த்திகை முதல் நாள் முடவன் முழுக்கு என்று இன்னொரு நாளே வைத்திருக்கிறார்கள்.

உங்கள் அம்மா போன் நம்பரைத் தனி மடலில் அனுப்பு. நான் பேசுகிறேன்.